வாகை சூடிய சரக்குக் கப்பல்

'மிஸ்டர் ராபர்ட்ஸ்' என்னும் அமெரிக்கத் திரைப்படத்தைப் பற்றி இலக்கிய நண்பர்களிடையே பேச்சு எழும்போதெல்லாம் ஒரே தீர்ப்பைத்தான் கேட்க நேர்கிறது. "நல்ல படந்தான், வாய்விட்டுச் சிரிக்கலாம், ஆனால் அதைப் போர்ப்படம் என்று சொல்ல முடியாது" என்பது அத்தீர்ப்பு. ஏன் முடியாது என்று வினவினால், அதில் போர் எங்கே இருக்கிறது என்று எதிர்வினா வருகிறது. குண்டு பாய்வதில்லை, குருதி ஒழுகுவதில்லை, பகைவரின் முகம் ஒருமுறையும் தென்படுவதில்லை. களத்துக்கு நெடுந்தொலைவில் ஒரு சரக்குக் கப்பல், அதில் சலிப்பால் நைந்துபோன சில மாலுமிகள், தொட்டியில் வளரும் ஒரு பனைக்கன்றின் பொருட்டு நிகழும் பூசல். இதுவா போர் என்பது நண்பர்களின் ஏளனம்.

இதுவே போர் என்பது நம் கட்சி. அதனினும் ஒருபடி மேலே சென்று சொல்லத் துணிகிறோம்: இப்படத்தைப் போர்க்கதை அன்று என ஒதுக்கும் அதே மனம்தான், தமிழர் பட்ட போர்களைத் தமிழ்த் திரையிலும், பெரும்பாலும் தமிழ்ப் புனைகதையிலும் இல்லாமல் ஆக்கியது. எனவே இவ்வழக்கு ஒரு வேற்றுமொழிப் படத்தைப் பற்றிய சுவைவேறுபாடாக முடிந்துவிடுவதில்லை.

முதலில் படத்தைச் சுருங்கச் சொல்லிவிடுவோம். 1955இல் வெளிவந்தது. இரண்டாம் உலகப்போரின் கடைசி மாதங்கள். பசிபிக் கடலில் 'ரிலக்டன்ட்' என்னும் பெயருடைய கடற்படைச் சரக்குக் கப்பல். 'மனமில்லாதவன்' என்பது அப்பெயரின் பொருள். பற்பசையும் கழிப்பறைக் காகிதமும் ஏனைய பண்டங்களும் சுமந்து ஒரு தீவிலிருந்து மற்றொரு தீவுக்குச் செல்வதே அதன் தொழில். அத்தொழிலைச் செவ்வனே செய்தமைக்காக மேலிடம் அளித்த பரிசே அந்தப் பனைக்கன்று. கேப்டன் மார்ட்டன் அதைத் தன் உயிரினும் மேலாகப் போற்றுகிறான். மாலுமிகளுக்கோ ஓராண்டுக்கு மேலாகக் கரையிறங்க விடுப்பில்லை. சரக்கு அதிகாரியான ராபர்ட்ஸ், போர்முனைக் கப்பலுக்குத் தன்னை மாற்றும்படி மடல்மேல் மடல் எழுதுகிறான். கேப்டன் ஒவ்வொன்றையும் முடக்குகிறான். இறுதியில் ஓர் உடன்படிக்கை: இனி மாற்றம் கேட்பதில்லை, எதிர்த்துப் பேசுவதில்லை என்று ராபர்ட்ஸ் வாக்களித்தால் மாலுமிகளுக்குக் கரைவிடுப்பு. அவன் வாக்களிக்கிறான். இன்ன விலைக்கு இவ்விடுப்பு வந்தது என்பதை எவரிடமும் சொல்லக் கூடாது என்பதும் உடன்படிக்கையின் பகுதி. ஆதலின் அவன் பதவி உயர்வுக்காகக் கேப்டனுக்கு வால்பிடிக்கிறான் என்று அம்மாலுமிகளே அவனை இகழ்கின்றனர். அதையும் வாய்திறவாமல் ஏற்கிறான்.

இக்கதையை எழுதிய தாமஸ் ஹெகன், 'வர்கோ' என்னும் சரக்குக் கப்பலில் பசிபிக் கடலில் பணியாற்றியவர். 1946இல் நாவலாக வந்தது. 1948இல் ஜோஷுவா லோகனுடன் சேர்ந்து அவர் ஆக்கிய நாடகம் நியூயார்க் மேடையில் வெற்றி கண்டது. 1949இல், முப்பதே அகவையில், அவர் இறந்தார். மேடையிலும் திரையிலும் ராபர்ட்ஸாக நடித்த ஹென்றி ஃபோண்டா தாமே அப்போரில் கடற்படையில் இருந்தவர். இயக்குநர் ஜான் ஃபோர்டும் அவ்வாறே. படப்பிடிப்பின் இடையில் ஃபோர்டு விலக, மெர்வின் லெராய் முடித்தார். போரை அறியாதார் பொழுதுபோக்குக்காகப் புனைந்த கேலிக்கூத்து என்று இதைத் தள்ளுவதற்கு இடமில்லை. போரில் இருந்தவர்கள், தாங்கள் கண்ட போர் இப்படித்தான் இருந்தது என்று சொன்ன சாட்சியம் இது.

*

நண்பர்களின் மறுப்பு இரு கால்களில் நிற்கிறது. நகை, வீரத்துக்கு இழுக்கு என்பது ஒன்று. களத்துக்கு வெளியே நிகழ்வது போராகாது என்பது மற்றொன்று. இரண்டுக்கும் அவர்கள் சான்று காட்டுவது நம் பழைய இலக்கியத்தையே. புறநானூறு பாடிய மரபில் பனைக்கன்றுக்கு என்ன வேலை என்று கேட்கின்றனர். ஆகவே அம்மரபிடமே செல்வோம்.

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளை வகுக்கும்போது நகையை முதற்கண் வைக்கிறது. அது பிறக்கும் களங்களாக எள்ளல், பேதைமை, மடன், இளமை ஆகிய நான்கைக் காட்டுகிறது. இந்தக் கப்பலில் நான்கும் உள. கேப்டனின் பெருமையடித்தலை மாலுமிகள் எள்ளுகின்றனர். கரையிலுள்ள மருத்துவமனைச் செவிலியரைத் தொலைநோக்கியால் பார்த்துக் கிளர்வது இளமை. பல்வர் என்னும் இளைய அதிகாரி, கேப்டனை வீழ்த்தப் போவதாக நாள்தோறும் திட்டம் தீட்டிவிட்டு அவன் காலடி ஓசை கேட்டதும் ஒளிந்துகொள்வது பேதைமை. கொண்டதை விடாத மடனுக்குக் கேப்டனின் பனைக்கன்றைவிட நல்ல எடுத்துக்காட்டு வகுப்பறையில் நமக்குக் கிடைத்ததில்லை.

பெருமிதத்துக்கு வருவோம். அதுவும் நான்கு களங்களில் பிறக்கும்: கல்வி, தறுகண், புகழ், கொடை. வீரம் எனில் தறுகண் ஒன்றே என்று கொண்டது நம் பிற்காலப் பழக்கம். இலக்கணம் அவ்வாறு சொல்லவில்லை. ராபர்ட்ஸிடம் விளங்குவது கொடையால் வந்த பெருமிதம். தான் மிகவும் விரும்பிய ஒன்றை, பெற்றவர்கள் அறியாதவாறும் பெற்றவர்களாலேயே இகழப்பட்டும் கொடுத்தவன் அவன். முல்லைக்குத் தேர் ஈந்தவனைப் பாடிய மொழியில் இதைப் பெருமிதம் என்று அறிந்துகொள்ளத் தயக்கம் ஏன்?

வாகைத் திணையையும் எண்ணிப் பார்க்க வேண்டும். களவெற்றியைப் பாடுவது மட்டுமே வாகை என்று பள்ளிப் பாடங்கள் நம் மனத்தில் பதித்துவிட்டன. தொல்காப்பியமோ, தத்தம் தொழிற்கூறுபாட்டில் மேம்படுதல் எல்லாவற்றையும் வாகைக்குள் அடக்குகிறது. அந்தணர், அரசர் தொடங்கிப் பல திறத்தாரும் அத்திணையில் இடம் பெறுகின்றனர். சரக்கை ஒழுங்காக ஏற்றி இறக்கிய அதிகாரிக்கும் அங்கே ஓர் இருக்கை உண்டு. அத்திணைக்கு அகத்தில் இணையாக வைக்கப்பட்டது பாலை, பிரிவின் திணை. வெற்றியும் பிரிவும் ஒன்றன் மறுபுறம் மற்றொன்று என்று கண்ட இலக்கணம், ஊரைப் பிரிந்து கடலில் காய்ந்து கிடக்கும் மாலுமியின் கதையை அன்னியமாகக் கருதியிராது.

இலக்கணம் கிடக்கட்டும், இலக்கியம் என்ன சொல்கிறது? முல்லைப்பாட்டில் நப்பூதனார் பாடுவது பெரும்பாலும் பாசறையை. அங்கே போர் நிகழவில்லை. கவளம் உண்ண மறுக்கும் யானைகளை இளைஞர் வடசொல் பயிற்றி ஊட்ட முயல்கின்றனர். மகளிர் விளக்குகளை அணையாமல் காக்கின்றனர். நாழிகைக் கணக்கர் பொழுதளந்து சொல்கின்றனர். மொழி தெரியாத மிலேச்சர் சைகையால் பேசிக் காவல் நிற்கின்றனர். தீவனம், எண்ணெய், நேரம், காவல்: படையின் வழங்கல் துறை முழுதும் ஒரு பாட்டுக்குள் இருக்கிறது. புறநானூற்றில் ஔவையார் தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலைக் கண்டு பாடிய பாட்டை எடுத்துக்கொள்வோம். நெய்பூசி, பீலி சூட்டி, பளபளவென்று கிடக்கும் இவன் கருவிகளையும், முனைமழுங்கிக் கொல்லன் பட்டறையில் கிடக்கும் அதியமான் வேல்களையும் ஒப்பிட்டு, புகழ்வதுபோல் பழிக்கிறார். போரைத் தடுக்கச் சென்ற தூதின் கருவி அங்கே எள்ளல். அதற்குக் களமாக அமைந்தது ஆயுதக் கிடங்கு.

கலிங்கத்துப்பரணியையோ மறுக்கவே இயலாது. முதற்குலோத்துங்கன் காலத்தில் கருணாகரத் தொண்டைமான் பெற்ற வெற்றியைச் சயங்கொண்டார் பாடினார். அப்பரணி எங்கே சென்று முடிகிறது? பேய்கள் கூழ் அட்டுப் பந்தியமர்ந்து உண்ணுமிடத்தில் முடிகிறது. அடுப்பும் பானையும் அகப்பையும் பங்கீட்டுப் பூசலுமாக, போரின் அருவருப்பைச் சமையற்கட்டின் நகையாக மாற்றிக் காட்டியவன் தமிழ்ப் புலவன். அதை வீரகாவியம் என்று மேடையில் முழங்கிவிட்டு, சரக்குக் கப்பலின் உணவுக்கூடத்தில் எழும் சிரிப்பை இழுக்கு என்பது என்ன நேர்மை?

*

'சரக்குக் கப்பல் பாதுகாப்பான இடம், அங்கே என்ன இடர் இருக்கிறது' என்னும் எண்ணமும் இம்மறுப்பின் அடியில் மறைந்து கிடக்கிறது. 1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய்த் துறையில் பஞ்சும் வெடிபொருளும் ஏற்றி நின்ற 'ஃபோர்ட் ஸ்டிகீன்' என்னும் சரக்குக் கப்பல் தீப்பற்றி வெடித்தது. துறைமுகமும் சுற்றுப்புறமும் அழிந்தன, நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். அதே ஆண்டு ஜூலை 17 அன்று கலிபோர்னியாவின் போர்ட் சிகாகோவில் குண்டுகளை ஏற்றிக்கொண்டிருந்தபோது நிகழ்ந்த வெடிப்பில் 320 பேர் இறந்தனர். இறந்தோரில் மூன்றில் இரு பங்கினர் கறுப்பின மாலுமிகள். நிறவேற்றுமை நிலவிய அன்றைய அமெரிக்கக் கடற்படை, சுமைதூக்கும் வேலையை அவர்கள் தலையில் கட்டியிருந்தது. பாதுகாப்பின்றி மீண்டும் ஏற்ற மறுத்த ஐம்பதின்மர் கலகக்காரர் எனத் தண்டிக்கப்பட்டனர். அத்தீர்ப்பு தவறு என்று அமெரிக்கக் கடற்படை அறிவித்தது 2024இல், எண்பது ஆண்டுகள் கழித்து. இரண்டு இடங்களிலும் பகைவர் குண்டு ஒன்றும் விழவில்லை.

'மிஸ்டர் ராபர்ட்ஸ்' படத்தின் குறை ஒன்றைச் சொல்வதானால் இதையே சொல்வோம். சரக்கேற்றும் கடற்படையைக் காட்டிய அப்படம், அச்சரக்கைச் சுமந்த கறுப்புத் தோள்களைக் காட்டவில்லை. அது நகையின் குறை அன்று. நகையை ஒரு நிறத்தாருக்கு மட்டும் உரியதாக்கிய அன்றைய ஹாலிவுட்டின் குறை.

*

இனி நம் ஊருக்கு வருவோம். புதுச்சேரியில் அமர்ந்துகொண்டு சரக்குக் கப்பலைப் போரோடு தொடர்பற்றது என்று சொல்வதைப் போன்ற நன்றிமறத்தல் வேறில்லை. இவ்வூருக்குப் பழங்காலத்தில் கப்பல் அணையும் துறை கிடையாது. கப்பல்கள் கடலில் தொலைவாக நங்கூரமிட்டு நிற்க, சலங்குகள் எனப்பட்ட தையல் படகுகள் அலைகளைக் கிழித்துச் சென்று மனிதரையும் மூட்டைகளையும் கரைசேர்த்தன. பிரெஞ்சுக்காரர் ஆண்ட ஊர் என்கிறோம். அவர்தம் பீரங்கியும் குண்டும் அரிசியும் வெள்ளியும் வந்திறங்கியது கரையோரப் படகோட்டிகளின் கைவலியால். அவர்களுக்கு ஒரு வரிப் பாட்டு உண்டா?

பாட்டு இல்லை, ஆனால் ஓர் உரைநடை உண்டு. ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761இல் தாம் இறக்கும் வரை எழுதிவைத்த நாட்குறிப்பு அது. கர்நாடகப் போர்கள் நிகழ்ந்த காலம் முழுதும் அதனுள் அடங்கும். 1746இல் லா பூர்தொனேயின் கப்பற்படை சென்னையைப் பிடித்தது, 1748இல் ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகையிட்டது, லாலியின் காலத்துச் சீரழிவு ஆகியன யாவும் உள. ஆயின் அதில் நாம் மிகுதியாகக் காண்பது என்ன? கப்பல் வந்ததா என்னும் காத்திருப்பு. வந்த கப்பலில் வெள்ளி எவ்வளவு, துணி எவ்வளவு என்னும் கணக்கு. யாருக்கு எத்தனை பீரங்கி முழங்கிற்று என்னும் எண்ணிக்கை. லா பூர்தொனேயும் துய்ப்ளேயும் பகைவனை மறந்து தம்முள் நடத்திய பூசல். மேலிடத்தார் சொல்லும் அசட்டு உரைகளை முகம் மாறாமல் கேட்டுவிட்டு, இரவில் தாளில் இறக்கிவைக்கும் துபாசியின் கூர்மை. அவரும் 'ஆனந்தப்புரவி' என்ற கப்பலை உடைய வணிகர். சரக்கின் மொழி அறிந்தவர். தமிழில் உலகத் தரமுடைய போர் ஆவணம் ஒன்று உண்டெனில் அது இதுவே. அது பெரும்பாலும் கிடங்கிலும் வரவேற்பறையிலும் கடற்கரையிலும் நிகழ்கிறது. அதைப் படித்தவர்க்குக் கேப்டன் மார்ட்டனின் பனைக்கன்று வியப்பளிக்காது. அத்தகைய பனைக்கன்றுகள் துய்ப்ளேயின் மாளிகையில் பல இருந்தன.

*

இத்துணைச் செல்வம் இருந்தும் தமிழ்த் திரை என்ன செய்தது?

இரண்டாம் உலகப்போரின்போது கச்சாச் சுருளுக்குத் தட்டுப்பாடு வந்தது. படத்தின் நீளம் 11,000 அடிக்கு மேற்படக் கூடாது என்று 1942இல் ஆணை பிறந்தது. சுருள் வேண்டுமெனில் போர் ஆதரவுப் படமும் எடு என்னும் நெருக்கடி பின்தொடர்ந்தது. அந்நெருக்கடியின் விளைச்சலாக 1945இல் கே. சுப்ரமணியத்தின் 'மானசம்ரட்சணம்', மாடர்ன் தியேட்டர்ஸ் டி.ஆர். சுந்தரத்தின் 'பர்மா ராணி', ஜெமினிக்காகக் கொத்தமங்கலம் சுப்பு இயக்கிய 'கண்ணம்மா என் காதலி' ஆகியன வந்தன. ஜப்பானியர் பிடியிலுள்ள பர்மாவில் இந்திய விமானப்படையினர் நிகழ்த்தும் சாகசம் 'பர்மா ராணி'. ஒற்றர், வீரர், சதி, முறியடிப்பு. அரசு கேட்டது அது. அரசு பெற்றதும் அது. வெறும் அரிசிக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசையில் நின்ற தமிழனின் போர் அதில் இல்லை.

அயலாட்சி போயிற்று, பழக்கம் போகவில்லை. 1952இல் வந்த 'பராசக்தி'யில் உலகப்போர் கதையைத் தொடங்கிவைக்கிறது. இரங்கூனிலிருந்து தமிழகம் செல்ல ஒரே ஒரு கப்பல் சீட்டுத்தான் கிடைக்கிறது. அக்கப்பலும் போரினால் உரிய நாளில் கரைசேரவில்லை. குணசேகரன் கடலில் கழித்த அந்நாட்கள் எப்படிக் கழிந்தன? யாரோடு பேசினான், எதை உண்டான், அஞ்சினானா, சிரித்தானா? படத்துக்கு அது தேவைப்படவில்லை. போர் ஒரு தாமதக் காரணமாக மட்டும் பயன்பட்டுக் கதையிலிருந்து இறங்கிவிடுகிறது. அப்படத்தின் பெருமையைக் குறைப்பது நம் நோக்கமன்று. போர்க்காலக் கப்பலொன்றை இவ்வளவு கிட்டத்தில் வைத்துக்கொண்டும் ஏறிப் பார்க்காமல் போனோமே என்பதே நம் வருத்தம்.

பி.ஆர். பந்துலுவின் 'கப்பலோட்டிய தமிழன்' 1961இல் வந்தது. நம் ஒரே பெருங்கப்பற்படம். வ.உ.சி. 1906இல் சுதேசிக் கப்பல் நிறுவனத்தைத் தொடங்கி ஆங்கிலேயரோடு நிகழ்த்தியது கட்டணப் போர். அவர்கள் கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே போய், இறுதியில் காசு வாங்காமல் ஏற்றிக்கொண்டு, ஏறியவர் கையில் ஒரு குடையையும் கொடுத்தனர் என்பது வரலாறு. ஒரு பேரரசு குடை கொடுத்துப் போரிட்டது! இதைவிடக் கூரிய நகை எந்த நாட்டுக் கடற்போரில் உண்டு? அக்குடையை நடுவில் வைத்து ஒரு கதை செய்யத் தமிழில் இன்னும் ஒருவரும் வரவில்லை. தியாகியின் கதையில் குடைக்கு இடமில்லை என்று நினைக்கிறோம்.

ஏன் இவ்வாறு நினைக்கிறோம் என்பதற்குத் தமிழ்த் திரையின் அமைப்பிலேயே விடை உண்டு. முப்பதுகளிலேயே என்.எஸ். கிருஷ்ணன், மதுரம் ஆகியோரின் நகைச்சுவைப் பகுதி கதைக்குப் புறம்பாகத் தனியே எடுக்கப்பட்டு இடையிடையே சேர்க்கப்பட்டது. கலைவாணரின் மேதைமையை நாம் வணங்குகிறோம். ஆனால் அம்மேதைமைக்கு ஒதுக்கப்பட்ட இடம் தனி இடமாக இருந்தது. நாயகன் அழுவான், சண்டையிடுவான், சிரிக்கவைப்பவன் வேறொருவன். சிரிக்கவைப்பவனுக்கு இறப்பு இல்லை, இழப்பு இல்லை, முடிவெடுக்கும் கடமையும் இல்லை. 'காமெடி டிராக்' என்று பின்னாளில் பெயர்பெற்ற இந்தத் தண்டவாளம் கதையின் தண்டவாளத்தோடு சேர்ந்ததே இல்லை.

'மிஸ்டர் ராபர்ட்ஸ்' நமக்குப் பாடமாவது இவ்விடத்தில்தான். கேப்டனின் கையெழுத்தைப் போலியாக இட்டு மாலுமிகள் ராபர்ட்ஸுக்கு மாற்றம் வாங்கித் தருகின்றனர். அவன் விரும்பிய போர்முனைக்குச் செல்கிறான். சில வாரங்களில் இரண்டு மடல்கள் வருகின்றன. ஒன்று அவன் எழுதியது. மற்றொன்று அவன் இறந்தான் என்பது. ஒக்கினாவாவுக்கு அருகே, தற்கொலை விமானம் மோதியபோது, அவன் காப்பி அருந்திக்கொண்டிருந்தான். செய்தியைப் படித்த பல்வர், அதுவரை படம் முழுதும் நம்மைச் சிரிக்கவைத்த கோழை, எழுந்து சென்று கேப்டனின் பனைக்கன்றைக் கடலில் எறிந்துவிட்டுக் கேப்டனின் அறைக்கதவைத் தட்டுகிறான். கோமாளி நாயகனாகும் கணம் அது. அவ்வேடத்துக்கு ஜாக் லெமன் ஆஸ்கர் பரிசு பெற்றார். நகையும் அழுகையும் பெருமிதமும் ஒரே உடம்பில் கூடினாலன்றி அக்கணம் நிகழாது. நம் திரையில் பல்வருக்கு அம்மடலைப் படிக்கும் உரிமையே தரப்பட்டிராது.

*

எதிர்க்கட்சியாரின் வலுவான வாதம் ஒன்று எஞ்சியுள்ளது. அதைத் தட்டிக்கழிக்க மாட்டோம். "அமெரிக்க மாலுமிக்குச் சலிப்பு ஒரு துன்பம். தமிழனுக்கு அப்போர் தந்தது சலிப்பா? 1942இல் பர்மாவிலிருந்து கால்நடையாக மலையும் காடும் கடந்து வழியிலேயே மடிந்தவர் எத்தனை பேர்! மலேயாத் தோட்டங்களிலிருந்து சயாம் மரண ரயில்பாதைக்கு இழுத்துச் செல்லப்பட்டு மீளாதவர் பல்லாயிரவர். அவர்களைப் பற்றியா சிரிக்கச் சொல்கிறீர்?"

அவர்களைப் பற்றிச் சிரிக்கச் சொல்லவில்லை; அவர்கள் சிரித்ததைக் கேட்கச் சொல்கிறோம். துன்பப்பட்டவர்களை அழுகை மட்டுமே உடையவர்களாகக் காட்டுவது, அவர்களிடமிருந்து பாதி மனிதத்தைப் பறிப்பது. இதைத் தமிழில் அறிந்து எழுதியவர் ப. சிங்காரம். சிங்கம்புணரியில் பிறந்து, இளமையில் மேடானுக்கு வட்டிக்கடை வேலைக்குச் சென்று, அப்போரை அங்கேயே கண்டவர். 1972இல் வெளிவந்த 'புயலிலே ஒரு தோணி'யில் தொங்கானில் கடல் கடக்கும் தமிழ் வணிகர்கள் வாயாடுகின்றனர், புலம்புகின்றனர், ஊர்ப்பெருமை பேசுகின்றனர், புயலில் நடுங்குகின்றனர். பாண்டியனும் தோழர்களும் தமிழர் பழம்பெருமையையே பகடி செய்கின்றனர். அப்பகடியின் அடியில் ஊர் திரும்ப முடியாதவனின் ஏக்கம் ஓடுகிறது. சாவும் கேலியும் அடுத்தடுத்த வரிகளில் நிற்கின்றன. அந்நாவல் நெடுநாள் கேட்பாரற்றுக் கிடந்தது தற்செயல் என்று நாம் நம்பவில்லை. வீரமும் ஓலமும் இன்றிப் போரை அளந்துபார்க்கும் சொல்லுக்கு நம் காது பழகியிருக்கவில்லை.

மற்றொன்றும் கூற வேண்டும். ஹெகனின் நாவல் வெளிவந்த அதே 1946இல், பிப்ரவரி 18 அன்று, பம்பாயில் 'தல்வார்' என்னும் கடற்படைத் தளத்தில் இந்திய மாலுமிகள் வேலைநிறுத்தம் தொடங்கினர். உணவு கேவலமாக இருந்தது. தளபதி இழிசொற்களால் ஏசினான். கப்பலுக்குக் கப்பல் பரவிய அவ்வெழுச்சி ஒரு பேரரசையே நடுக்கியது. காரணங்களைப் பாருங்கள்: சோறும் ஏச்சும். 'ரிலக்டன்ட்' கப்பலின் குறைகள் இவையேதாம். அங்கே பனைக்கன்று கடலில் விழுந்தது, இங்கே கொடி இறங்கியது. வேறுபாடு, ஆள்பவன் அயலான் என்பதில் இருந்தது. உணவுக்கூடத்துப் புழுவையும் தளபதியின் வசைமொழியையும் சில்லறைச் செய்தி என்று ஒதுக்கிவிட்டால், 1946இன் வரலாறே நமக்கு விளங்காது.

*

இவ்வளவும் ஏன் சொல்கிறோம் எனில், காலம் குறுகிக்கொண்டிருக்கிறது.

வைத்திக்குப்பத்துக் கரையில் மாசிமகத்தன்று மயிலம் முருகன் முதலாகப் பல ஊர் உற்சவர்கள் தீர்த்தவாரிக்கு வந்து நிற்பர். அலங்காரத்தின் அழகைக் கூட்டம் பேசும். மணலில் தோள்கொடுத்து நிற்கும் ஸ்ரீபாதம் தாங்கிகளை எவரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. போரைப் பற்றிய நம் பேச்சும் இத்தகையதே. இங்கிருந்து நடந்து செல்லும் தொலைவில், கடற்கரைச் சாலையில், 1938இல் திறக்கப்பட்ட போர் நினைவுச்சின்னம் நிற்கிறது. அது மாண்டவர்க்கு உரியது, உரியதாகவே இருக்கட்டும். மீண்டு வந்தவர்களுக்கு எது?

இவ்வூர் 1940 செப்டம்பரில் ஆளுநர் பொன்வேன் காலத்தில் தெ கோலின் பக்கம் நின்றது. அதன் பின்னும் பிரெஞ்சுப் படையில் இந்தோசீனாவிலும் அல்ஜீரியாவிலும் பணியாற்றித் திரும்பிய 'சொல்தா'க்கள் இவ்வூர்த் தெருக்களில் நிறைய வாழ்ந்தனர். ஓய்வூதியம் பெற்ற அவர்களைப் பற்றிப் புதுச்சேரியில் கேலிக்கதைகள் பல உண்டு. கதைகள் உண்டு என்பது வேறு, இலக்கியம் உண்டு என்பது வேறு. பெரும்பாலோர் மறைந்துவிட்டனர். அவர்தம் வீட்டாரிடம், ஐயா போரில் என்ன செய்தார் என்று கேட்டால், "ஒன்றுமில்லை, சாமான் ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தார்", "ஒன்றுமில்லை, சமையலில் இருந்தார்", "ஒன்றுமில்லை, எழுத்து வேலை" என்னும் விடையே வருகிறது. அந்த 'ஒன்றுமில்லை'யை அவர்கள் வாயில் வைத்தவர்கள் நாம். போர் என்றால் வாளும் வஞ்சினமும் என்று மேடையிலும் வகுப்பிலும் திரையிலும் சொல்லிச் சொல்லி வைத்தோம். மூட்டை சுமந்தவன் தன் போரைச் சொல்ல வெட்கப்படும்படி செய்தது நம் வீரவழிபாடு.

ஆகவே புறத்திணை பயிலும் மாணவர்களிடமும் எழுதும் நண்பர்களிடமும் நாம் வேண்டுவது இது. எஞ்சியுள்ள முதியவர்களிடமும், அவர்களின் மனைவி மக்களிடமும் செல்லுங்கள். எத்தனை பகைவரைக் கொன்றீர்கள் என்று கேட்காதீர்கள். மூட்டையில் என்ன இருந்தது, அரிசி கிடைத்ததா, மடல் வர எத்தனை மாதமாயிற்று, அதிகாரி எந்தச் சொல்லால் ஏசினான், அவன் போன பிறகு நீங்கள் அவனை எப்படி நடித்துக் காட்டிச் சிரித்தீர்கள் என்று கேளுங்கள். சொல்லத் தொடங்குமுன் "ஒன்றுமில்லை தம்பி" என்பார்கள். அச்சொல்லுக்குப் பின் வருவதை ஒரு வரி விடாமல் எழுதிக்கொள்ளுங்கள்.